ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமி



பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதணும்னு மலர்க்குழு சொன்னதும் எனக்கு கிரேஸ் ஹாப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அதற்குக் காரணம் ஒரு பழைய லேப்டாப்.

எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கி, அம்மா சீட்டுப் போட்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்த லேப்டாப் அது. லினக்ஸ் போட்டேன், நன்றாக ஓடியது. அத்தோடு விட்டேனா? கெர்னலையே என் இஷ்டத்துக்கு மாற்றிக் கம்பைல் செய்தேன். வேண்டாத டிரைவர்களை எடுக்கும்போது ஹார்ட் டிஸ்க் டிரைவரும் போய்விட்டது. இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கெர்னலையும் அழித்திருந்தேன். மறுநாள் லேப்டாப் கிளம்பவே இல்லை. அம்மா முகத்தைப் பார்க்கவே பயமா இருந்தது. அந்த நேரத்தில்தான் நூலகத்தில் ஹாப்பரைப் பற்றிப் படித்தேன்.

1906 டிசம்பர் 9-ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாராம்! அவர் அம்மா அதைத் தடுக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னாராம்.

வாசர் கல்லூரியில் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. லத்தீனில் மதிப்பெண் குறைவு. அடுத்த வருடம் சேர்ந்தார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கணும்! 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

உலகப் போர் வந்தது. கடற்படையில் சேரப் போனால் வயது அதிகம், எடை குறைவு என்றார்கள். விடாமல் நின்று, விலக்கு வாங்கி, 1943-ல் சேர்ந்தார். ஹார்வர்டில் 51 அடி நீள மார்க் 1 கணிப்பொறி அவர் கைக்கு வந்தது. அதற்கு 500 பக்கங்களுக்கு மேல் கையேடு எழுதினார். 1947-ல் மார்க் 2-ன் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கி இயந்திரம் கோளாறானபோது, அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தது அந்தக் குழுதான்.

அந்தக் காலத்தில் புரோகிராம் என்றாலே எண்கள். மனிதன் எழுதுவதைக் கணிப்பொறியே தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளட்டும் என்றார் ஹாப்பர். யாரும் நம்பவில்லை. 1952-ல் ஏ-0 என்பதைச் செய்து காட்டினார். டேப்பில் இருக்கும் சின்னச் சின்ன நிரல்களை எடுத்துக் கோத்து முழு நிரலாக்கித் தரும் அது. இன்றைய கம்பைலருக்கு முன்னோடி அதுவே. அடுத்து ஆங்கிலச் சொற்களாலேயே எழுதும் ஃப்ளோ-மேட்டிக் வந்தது. அதை அடிப்படையாக வைத்து 1959-ல் கோபால் மொழி உருவானது.

அவர் அறைக் கடிகாரத்தின் முள் இடப்பக்கமாகச் சுற்றும்! எப்போதும் இப்படித்தான் செய்கிறோம் என்று சொல்பவர்களுக்கான பதில் அது. ஒரு நானோ நொடியில் மின்சாரம் போகக்கூடிய அதிகபட்சத் தூரத்தைக் காட்ட, சுமார் 30 செ.மீ. கம்பித் துண்டுகளை மாணவர்களுக்குக் கொடுப்பார். 1966-ல் ஓய்வு தந்த கடற்படை மறு வருடமே திரும்பக் கூப்பிட்டது. 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992 ஜனவரி 1-ல் மறைந்தார். 2016-ல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இதைப் படித்த அன்றே நண்பனிடம் பென் டிரைவ் வாங்கி, அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பி, பழைய கெர்னலைத் திரும்பப் போட்டேன். பிறகு டிரைவரைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். விடிய இரண்டு மணிக்கு லாகின் திரை வந்தது. தூங்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, ஓடுதா கண்ணு என்றுதான் கேட்டாங்க, ஏன் கெடுத்தே என்று கேட்கவில்லை.

நண்பர்களே, கெட்டுப்போகும் என்று பயந்து மூடியே வைத்திருந்தால் எதையும் கற்க முடியாது. திறந்து பாருங்கள். ஆனால் பழைய கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள்!