எலுமிச்சை உப்பைத் தந்த மருந்துக் கடைக்காரர்

நோன்பு திறக்கும் நேரத்தில் நாம் கரைக்கும் சர்பத் பவுடர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிட்ரிக் அமிலம் என்றோ, 330 என்ற எண்ணாகவோ ஒரு பெயர் இருக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். இதைக் கண்டுபிடித்தவர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்று நம்மவர்கள் பலர் எழுதுகிறார்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார்கள். ஜாபிரின் பெயரில் வழங்கும் நூல்கள் ஏராளம். அவற்றில் பல பிற்காலத்தவர் எழுதியவை என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எலுமிச்சைச் சாற்றிலிருந்து இந்த அமிலத்தைப் படிகமாகப் பிரித்ததற்கு ஐயமில்லாத பதிவு கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்பவருடையது. ஆண்டு 1784. வடிகட்டும் கலையிலும் காய்ச்சி வடிக்கும் கலையிலும் முஸ்லிம் அறிஞர்களுக்கு இருக்கும் பெருமை போதுமானது. இன்னொருவரின் உழைப்பையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஷீலே 1742 டிசம்பர் 9 அன்று ஸ்ட்ரால்சுண்ட் நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். இன்று ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊர் அப்போது ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. பெரிய குடும்பம், பிள்ளைகள் 11 பேர். 14 வயதில் கோதன்பர்க் நகரின் ஒரு மருந்துக் கடைக்கு வேலை பழகப் போனார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. கடையில் இருந்த ரசாயன நூல்களைப் படித்தார், படித்ததைச் செய்து பார்த்தார். பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று ஊர் மாறினாலும் வேலை அதேதான். 1775-இல் ஸ்வீடனின் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியபோதும் அவர் கடை உதவியாளர்தான்.

ஆக்சிஜனைப் பிரிட்டனின் பிரீஸ்ட்லிக்கு முன்பே பிரித்தெடுத்தவர் இவர். நூல் அச்சேறுவது தாமதமாகி 1777-இல்தான் வெளிவந்தது. அதற்குள் பிரீஸ்ட்லி தம் கண்டுபிடிப்பை வெளியிட்டுவிட்டதால் பெயர் அவருக்குப் போனது. கைக்கு வரவேண்டிய பெயரை இப்படி ஒருமுறை இழந்தவரிடமிருந்து எலுமிச்சை உப்பையும் நாம் பறிக்க வேண்டுமா?

எலுமிச்சை வேலைக்கு வருவோம். சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைத்தால் பிசுபிசுப்பான கூழ்தான் கிடைக்கும், படிகம் வராது. ஷீலே சூடான சாற்றில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைச் சேர்த்தார். புளிப்பு முழுவதும் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக அடியில் தங்கியது. சர்க்கரையும் மற்றவையும் நீரோடு போயின. அந்தப் பொடியைக் கழுவிக் கந்தக அமிலம் சேர்த்தபோது, சுண்ணாம்பு கந்தகத்தோடு போய்விட, தனித்த புளிப்பு நீரில் கரைந்து நின்றது. அதைச் சுண்டவைத்தார், படிகம் விழுந்தது. வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இன்றைய ஆலைகள் பலவற்றிலும் கடைசிக் கட்டம் இதே சுண்ணாம்பு, கந்தக அமில முறைதான்.

ஆனால் ஆலைகள் இப்போது எலுமிச்சையை நம்பியில்லை. 1917-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கரி ஒரு கருப்புப் பூஞ்சை சர்க்கரைக் கரைசலில் இந்த அமிலத்தைத் தாராளமாக உண்டாக்குவதைக் காட்டினார். அதன் பிறகு சர்க்கரையும் வெல்லப்பாகும்தான் மூலப்பொருள். இந்த 330 எண்ணைப் பார்த்து நம் பெண்கள் பலர் தயங்குவது உண்டு. இது பூஞ்சையின் வேலை, விலங்குக் கொழுப்பிலிருந்து எடுப்பது இல்லை. இது புற்றுநோய் தரும் என்ற பழைய துண்டறிக்கையும் தவறு. நம் உடலே இந்த அமிலத்தைத் தயாரிக்கிறது. அதை விளக்கிய விஞ்ஞானியின் பெயர் கிரெப்ஸ், அந்தச் சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் புற்றுநோய் என்றும் பொருள் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

வீட்டில் இதன் பயன் பல. ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவிட்டு, அரைத் தேக்கரண்டியை நீரில் கரைத்து ஊற்றினால் பன்னீர் திரியும். ஜாமில் புளிப்பைத் தரும். வெட்டிய ஆப்பிள் கறுக்காமல் காக்கும். வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் நுரைக்கும் பொடியில், சோடா உப்போடு சேர்ந்து பொங்குவதும் இதுவே. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு ஒரு தேக்கரண்டியைப் போட்டு வெந்நீரில் அரை மணி நேரம் விட்டால் போதும். ஷீலே சுண்ணாம்புக்கட்டியோடு செய்ததுதான் அங்கும் நடக்கிறது. பளிங்குத் தரையில் மட்டும் ஊற்ற வேண்டாம், அரித்துவிடும்.

இன்னொன்றும் கட்டாயம். கழிவறையில் பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூச்சை அடைக்கும் அந்த மஞ்சள் பச்சை வாயுவையும் 1774-இல் முதலில் பிரித்தவர் ஷீலேதான்.

அவர் தாம் கண்டுபிடித்தவற்றை மோந்தும் நாவில் வைத்தும் பார்ப்பவர். கொடிய விஷமான ஹைட்ரஜன் சயனைடையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாதரசமும் ஆர்சனிக்கும் நாள்தோறும் கையில் பட்டன. கோப்பிங் என்ற சிற்றூரில் இறந்துபோன ஒருவரின் மருந்துக் கடையை அவருடைய விதவைக்காக 1775 முதல் நடத்தி வந்தவர், 40 வயதைத் தாண்டியதும் சிறுநீரகக் கோளாறும் தோல் நோயும் வாட்ட, படுக்கையில் விழுந்தார். கடையும் உடைமையும் அந்தப் பெண்ணிடமே போய்ச் சேர வேண்டும் என்று, இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு அவரை மணந்துகொண்டார். 1786 மே 21 அன்று இறந்தபோது அவருக்கு வயது 43.