கனவில் தண்ணீர் வந்தால் என்ன அர்த்தம்? ஏரிக்கரை டாக்டர் கார்ல் யுங்கின் கதை

1913 அக்டோபர். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரை நோக்கிப் போகும் ரயிலில் 38 வயது மனநல மருத்துவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று கண்முன்னே ஒரு காட்சி விரிகிறது. வடகடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் நடுவில் இருக்கும் தாழ்வான நாடுகளை எல்லாம் பெருவெள்ளம் மூடுகிறது. மஞ்சள் நிற அலைகளில் இடிபாடுகளும் எண்ணற்ற பிணங்களும் மிதக்கின்றன. கடைசியில் அந்தக் கடல் முழுக்க ரத்தமாக மாறுகிறது.

சுமார் ஒரு மணி நேரம் நீடித்த அந்தக் காட்சி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. முன்பைவிடக் கடுமையாக.

இத்தனைக்கும் அவர் தூங்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தார். மனச்சிதைவு நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் சிகிச்சை அளித்தவர் என்பதால், இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தன் மூளையும் கலங்கப்போகிறது என்றே முடிவுக்கு வந்தார்.

அவர்தான் கார்ல் குஸ்தாவ் யுங். கனவில் வரும் தண்ணீரை இன்றைக்கு உளவியல் ஆலோசகர்கள் பலர் ஆழ்மனத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால், அதற்கு முக்கியக் காரணம் இவர். இதை அவர் நோயாளிகளிடமிருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. தானே அந்த வெள்ளத்தில் கிட்டத்தட்ட மூழ்கித்தான் கற்றுக்கொண்டார்.

தண்ணீரை விட்டு நகராத சிறுவன்

யுங் பிறந்தது 1875 ஜூலை 26-ல், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள கெஸ்வில் என்ற சிற்றூரில். அப்பா பால் யுங், சீர்திருத்தத் திருச்சபையின் போதகர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் ரைன் நதி அருவிக்குப் பக்கத்தில் உள்ள லாஃபனுக்கு மாறியது.

அருவி அழகானதுதான். ஆனால் அதில் விழுந்து இறந்தவர்களின் உடல்களும் அவ்வப்போது கரை ஒதுங்கும். போதகர் வீடு என்பதால் சாவுச் செய்திகள் நேராக வாசலுக்கே வரும். தண்ணீர் உயிரையும் எடுக்கும் என்பது அந்தச் சிறுவனுக்கு மிகச் சின்ன வயதிலேயே தெரிந்துவிட்டது.

ஒருமுறை அம்மா அவனை கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் வசித்த நண்பர்கள் வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்து அவனைக் கிளப்பவே முடியவில்லை. வெயிலில் மின்னும் நீர்ப்பரப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வாழ்ந்தால் ஏரிக்கரையில்தான் வாழவேண்டும் என்று அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டதாக, வயதான காலத்தில் நினைவுகூர்ந்தார். அப்படியேதான் வாழவும் செய்தார்.

ஃபிராய்டோடு நட்பு, பிறகு பிரிவு

பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த யுங், 1900-ல் சூரிக் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். 1903-ல் எம்மா ரவுஷன்பாக் என்பவரை மணந்தார். 1907-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டை முதல்முறை சந்தித்தபோது, இருவரும் சுமார் 13 மணி நேரம் இடைவிடாமல் பேசினார்கள். ஃபிராய்டு அவரைத் தன் வாரிசாகவே பார்த்தார்.

ஆனால் கனவு விஷயத்திலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அடக்கிவைத்த ஆசைகள் மாறுவேடம் போட்டுக்கொண்டு வருவதுதான் கனவு என்பது ஃபிராய்டின் வாதம். தண்ணீருக்குள் குதிப்பது, தண்ணீரிலிருந்து வெளியே வருவது போன்ற கனவுகளை அவர் பிறப்போடு சம்பந்தப்படுத்தினார்.

யுங் வேறு மாதிரி யோசித்தார். கனவு எதையும் மறைக்கவில்லை, தனக்குத் தெரிந்த மொழியில் நேராகவே பேசுகிறது, நமக்குத்தான் அந்த மொழி புரிவதில்லை என்றார். பகலில் நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால், கனவு மறுபக்கத்தைக் காட்டிச் சமன்செய்யப் பார்க்கிறது என்பது அவர் கருத்து.

1913 தொடக்கத்தில் இருவரின் நட்பும் முறிந்தது. அடுத்த ஆண்டு சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவர் பதவியையும், பல்கலைக்கழக விரிவுரையாளர் பணியையும் யுங் விட்டார். ரயிலில் அந்த வெள்ளம் வந்தது இந்த இடைவெளியில்தான். நண்பர் போய்விட்டார், பிடிமானமும் போய்விட்டது.

வெள்ளத்தை அவர் எப்படிச் சமாளித்தார்?

இந்த இடத்தில் பலரும் செய்வது இரண்டில் ஒன்று. பார்த்ததை மறக்க முயல்வார்கள், இல்லையென்றால் அதிலேயே மூழ்கிப்போவார்கள். யுங் மூன்றாவதாக ஒரு வழியைத் தேடினார்.

முதலில் செய்தது கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஏரிக்கரைக்குப் போவார். கூழாங்கற்களைப் பொறுக்கி, சின்னச் சின்ன வீடுகள், ஒரு கோட்டை, ஒரு தேவாலயம் என்று குட்டி ஊரையே கட்டுவார். பத்து, பதினோரு வயதில் ஆடிய ஆட்டம் அது. ஊர் மெச்சும் டாக்டருக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடவில்லை. கை வேலை செய்யச் செய்ய மனம் தெளிந்தது.

1913 டிசம்பரில் அடுத்த கட்டம். மனதில் எழும் காட்சிகளைத் தடுக்காமல், விழித்த நிலையிலேயே அவற்றுக்குள் இறங்கினார். அங்கே சந்தித்த உருவங்களோடு உரையாடினார். எல்லாவற்றையும் குறிப்பேடுகளில் எழுதினார், பிறகு ஓவியமாகவும் தீட்டினார். அந்தப் பதிவுகளிலிருந்து உருவானதுதான் ‘சிவப்புப் புத்தகம்’. அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 2009-ல்தான் அது அச்சில் வந்தது.

இறங்கியவர் எப்படித் திரும்பி வந்தார் என்பதுதான் முக்கியம். நோயாளிகளைப் பார்ப்பதை அவர் நிறுத்தவே இல்லை. வீட்டில் எம்மாவும் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். மனம் ரொம்பத் தத்தளிக்கும்போது தன் பெயர், தன் மருத்துவப் பட்டம், மனைவி, குழந்தைகள், கடைசியில் வீட்டு முகவரி என்று ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த முகவரி, குஸ்நாக்ட்டில் ஜெஸ்ட்ராஸ 228. அந்தத் தெருப் பெயருக்கு ‘ஏரித் தெரு’ என்றுதான் பொருள். ஆழத்துக்குப் போகிறவருக்குக் கரையில் ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும் என்பதை அவர் இப்படித்தான் புரிந்துகொண்டார்.

1914 ஆகஸ்டில் முதலாம் உலகப் போர் வெடித்தது. ரயிலில் கண்ட ரத்தக் கடல் தன் பைத்தியம் அல்ல, ஐரோப்பாவுக்கு வரவிருந்த அழிவின் சாயல் என்று யுங் எடுத்துக்கொண்டார். ஆனால் 1912, 1913-ல் பால்கன் போர்கள் நடந்துகொண்டிருந்தன, ஐரோப்பா எங்கும் போர் பற்றிய பேச்சு. அந்தப் பயம் அவர் மனதிலும் ஊறியிருக்கலாம். இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

ஏரிக்கரையில் நின்ற ஒருவரின் கனவு

தண்ணீர் பற்றி யுங் மிகத் தெளிவாகப் பேசியது 1934-ல் வெளியான ஒரு கட்டுரையில். ஆழ்மனத்துக்கு மிக அதிகமாக வரும் குறியீடு தண்ணீர்தான் என்று அதில் எழுதினார். அதற்கு ஓர் இறையியலாளரின் கனவை உதாரணம் காட்டினார்.

அந்த மனிதர் மலைச்சரிவில் நிற்கிறார். கீழே ஆழமான பள்ளத்தாக்கு, அதில் கறுத்த ஏரி. இதுவரை ஏதோ ஒன்று தன்னை அந்த ஏரிக்குப் போகவிடாமல் தடுத்தது என்று கனவிலேயே அவருக்குத் தெரிகிறது. இந்த முறை போயே தீருவது என்று இறங்குகிறார். கரையை நெருங்க நெருங்க இருட்டு கவிகிறது. திடீரென்று ஒரு காற்று நீரின்மேல் பாய்ந்து வீசுகிறது. பயந்து விழித்துக்கொள்கிறார்.

ஆன்மிகம் என்றாலே மேலே ஏறுவது என்று நினைத்துப் பழகியவருக்கு, கனவு கீழே இறங்கும் வழியைக் காட்டுகிறது என்றார் யுங். தண்ணீரில் குனிந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது தன் முகம்தான். அதுவும் வெளியே காட்டிக்கொள்ளும் முகம் அல்ல, மறைத்து வைத்த முகம். பயம் வருவது அதனால்தான் என்பது அவர் விளக்கம்.

அப்படியென்றால் தண்ணீர் வந்தால் எல்லோருக்கும் இதே அர்த்தம்தானா? இல்லை. கனவு பலன் அட்டவணை மாதிரி, இது வந்தால் இதுதான் என்று சொல்வதை யுங் ஏற்கவில்லை. கனவு கண்டவருக்கு அந்தத் தண்ணீர் எதை நினைவூட்டுகிறது என்று முதலில் கேட்கவேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை காணும் கடலும், நீச்சல் தெரியாதவர் காணும் கடலும் ஒன்றாக இருக்க முடியாது. ஒரே கனவை வைத்து முடிவு கட்டாமல், வரிசையாக வரும் பல கனவுகளைப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலியின் கனவுகளும் காட்சிகளுமாக 400-ஐ அவர் இப்படித்தான் ஆராய்ந்தார்.

கல்கத்தாவில் வந்த கனவு

1937 இறுதியில் யுங் இந்தியா வந்தார். கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு வந்து பத்து நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் ஓர் இரவு அவருக்கு ஒரு கனவு. இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டி ஒரு தீவு. ஏசு கடைசி விருந்தில் பயன்படுத்தியதாகக் கிறிஸ்தவக் கதைமரபில் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தை அங்கிருந்து எடுத்துவர வேண்டும். நடுவில் குறுக்கிடுகிறது கடல். பாலம் இல்லை, படகும் இல்லை. கூட வந்தவர்கள் களைத்துத் தூங்கிவிட்டார்கள். குளிரில் தனியாக நீந்திப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று உணர்ந்து, உடைகளைக் கழற்றுகிறார். அந்த நொடியில் விழிப்பு வந்துவிடுகிறது.

இந்தியாவின் ஞானம் எவ்வளவு பெரிதானாலும், தான் செய்யவேண்டிய வேலை தன் சொந்த மரபுக்குள்தான் இருக்கிறது என்று யுங் அதைப் புரிந்துகொண்டார். தென்னிந்தியா வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியை அவர் பார்க்கவில்லை. அந்த முடிவை விமர்சிப்பவர்கள் இன்றும் உண்டு. பின்னாளில் ரமணரைப் பற்றி ஹைன்ரிஷ் ஸிம்மர் எழுதிய நூலுக்கு அவரே முன்னுரை எழுதினார்.

இறையியலாளரும் யுங்கும் விழித்தது ஒரே இடத்தில், தண்ணீரின் ஓரத்தில். ஒருவர் பயந்து பின்வாங்கும்போது விழித்தார். இன்னொருவர் இறங்கத் தயாராகும்போது விழித்தார். ஒரு சிகிச்சையாளர் கவனிக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். தண்ணீர் வந்ததா என்பதைவிட, அதன் முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அதிகம் சொல்லும்.

இன்றைய அறிவியல் ஏற்கிறதா?

முழுக்க ஏற்கவில்லை. கண்கள் வேகமாக அசையும் தூக்கநிலை 1953-ல் பதிவானபிறகு, கனவு ஆராய்ச்சி ஆய்வகத்துக்குள் போனது. மூளையின் தன்னிச்சையான சமிக்ஞைகளுக்கு மனம் கட்டும் கதைதான் கனவு என்று 1977-ல் ஹாப்சன், மெக்கார்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். தண்ணீர் என்றால் ஆழ்மனம் என்பதை எந்தக் கருவியாலும் அளந்து காட்ட முடியாது.

ஆனால் உணர்ச்சிக்கும் கனவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பெரும் அதிர்ச்சியை அனுபவித்தவர்களின் கனவுகளைச் சேகரித்த மனநல மருத்துவர் எர்னஸ்ட் ஹார்ட்மன், அவற்றில் ராட்சத அலை அடிக்கடி வருவதைக் கவனித்தார். தீ விபத்தில் தப்பியவர்கூட, தீக்குப் பதிலாக அலை தன்னை அடித்துச் செல்வதாகக் கனவு காணலாம். கனவு படம்பிடிப்பது சம்பவத்தை அல்ல, அது தந்த திணறலை என்பது அவர் முடிவு.

யுங்கும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்ல. தன்னிடம் சிகிச்சைக்கு வந்த டோனி வுல்ஃப் என்ற பெண்ணோடு பல ஆண்டுகள் நெருக்கமாக வாழ்ந்தார். இன்றைய மருத்துவ நெறிப்படி அது பெரும் தவறு. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் ஜெர்மானிய உளமருத்துவச் சங்கத்தோடு சேர்ந்து இயங்கியதற்காகவும் கண்டிக்கப்பட்டார்.

கடைசி வரை ஏரிக்கரை

அம்மா இறந்த 1923-ல், சூரிக் ஏரியின் மேல்கரையில் உள்ள போலிங்கனில் யுங் ஒரு கல் கோபுர வீட்டைக் கட்டத் தொடங்கினார். மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. விறகை அவரே பிளப்பார், கிணற்றிலிருந்து தண்ணீரை அவரே எடுப்பார். தான் தானாகவே இருக்க முடிந்த இடம் அதுதான் என்று கருதினார்.

1944-ல் மாரடைப்பு வந்து சாவின் விளிம்பில் கிடந்தபோது, பூமியை வெகு உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரு காட்சி கண்டார். ஆழ்ந்த நீலக் கடல், காலுக்குக் கீழே இலங்கை, சற்றுத் தள்ளி இந்தியா. 31 ஆண்டுகளுக்கு முன் ரயிலில் ரத்தமாக மாறிய கடல், இந்த முறை நீலமாகவே இருந்தது. 1961 ஜூன் 6-ல், 85 வயதில், குஸ்நாக்ட் ஏரிக்கரை வீட்டில் காலமானார்.

கவுன்சலிங் போய்க்கொண்டிருக்கும்போது வெள்ளம், கிணறு, கடல் என்று கனவு வந்தால் பயப்பட வேண்டியதில்லை, பலன் தேடி கூகுள் செய்யவும் வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் ரெண்டு வரி எழுதி வையுங்கள். தண்ணீர் எப்படி இருந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள், யார் கூட இருந்தார்கள் என்பது போதும். அடுத்த சந்திப்பில் அதைப் பற்றிப் பேசுங்கள். அதே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். யுங்கே கரையில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கினார்.