கதை சொன்ன கோதைநாயகி

நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் புதினங்களைப் படைத்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். அவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். அக்கால வழக்கப்படி, ஐந்தரை வயதிலேயே சென்னை, திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். பள்ளிக்குச் சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

ஆயினும், கதையின்மீது அவர் கொண்ட ஆசை குறையவில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி, தாமே புனைந்த கதைகளைச் சொல்லி மகிழ்ந்தார். கணவர் அவரை நாடகங்கள் காண அழைத்துச் சென்றார். தாமும் ஒரு நாடகம் படைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. ஆனால், தடையின்றி எழுத அவருக்குத் தெரியாது. எனவே, அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். இவ்வாறு உருவான ‘இந்திரமோகனா’ 1924இல் நூலாக வெளிவந்தது. பின்னர், அத்தோழியிடமே அவர் எழுதவும் கற்றுக்கொண்டார்.

1925இல் ‘ஜகன்மோகினி’ இதழின் பொறுப்பை ஏற்றார். அதில் ‘வைதேகி’ என்னும் தம் முதல் புதினத்தைத் தொடராக எழுதினார். பெண்கள் கதை படித்தாலே குடும்பம் கெடும் என்று பலர் எண்ணிய காலம் அது. ஏச்சுகளுக்கு அஞ்சாமல், இல்லறக் கடமைகளுக்கும் மகனின் வளர்ப்புக்கும் இடையே அவர் தொடர்ந்து எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை.

அம்மையார் 1960இல் மறைந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய கதை, அவர்தம் வாழ்நாள் பணியாயிற்று. இதழ் கையில் கிடைத்ததால், வீட்டிலிருந்த பெண்கள் பலருக்கும் வாசிப்பு வசமாயிற்று.