சங்கரதாஸ் சுவாமிகள்

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு தோன்றியவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, செய்யுளை விரைந்து பாடும் ஆற்றல் பெற்றார். 24-ஆம் வயதில் நாடகமேடை ஏறி, இரணியன், இராவணன், எமதருமன் முதலிய வேடங்களாற் புகழெய்தினார், பின்னர் ஆசிரியரானார்.

அக்காலத்து நடிகரிற் பலர் மேடையில் மனம்போனவாறு பேசியும், ஒழுங்கு பிறழ்ந்தும் கலைக்கு இழுக்குத் தேடினர். கலையும் ஒழுக்கமும் இளமையிலேயே பயிற்றப்படவேண்டுமெனக் கருதிய சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, சிறுவர்க்குப் பாட்டும் வசனமும் நடிப்பும் கற்பித்தார். அங்குச் சேர்ந்த டி. கே. சண்முகத்திற்கு அப்பொழுது வயது 6. அவருக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஓரிரவில் எழுதி முடித்தாரெனின், மாணாக்கர்பால் அவர் வைத்த அன்பை என்னென்பது!

வாதநோயால் நலிந்து, 1922-இல் புதுச்சேரியில் அவர் மறைந்தார். மூன்றாண்டுகட்குள், 1925-இல், டி. கே. எஸ். சகோதரர்கள் தம் சொந்தச் சபையைத் தொடங்கி, அவர் கலையை வளர்த்தனர்.

தினைப்புனங் காத்த வள்ளியின் கதையையும் சுவாமிகள் நாடகமாக்கினார். போடிநாயக்கனூர், பொட்டிபுரம் முதலிய மலைச்சார்ந்த ஊரினராகிய நமக்கு அக்கதை அயலன்று. நாடகம் கற்க அச்சிறுவர்கள் பள்ளியைத் துறக்க நேர்ந்தது. உயர்நிலைப்பள்ளியிலேயே இசையும் ஓவியமும் நாடகமும் பாடமாகுமாயின், இனியொரு சிறுவன் ஏட்டையோ கலையையோ இழக்கவேண்டுவதில்லை. சுவாமிகளுக்கு நாம் செய்யத்தக்க வழிபாடு அதுவேயாம்.