கோகிச்சி சுபுராயா

கோகிச்சி சுபுராயா (மே 13, 1940 - ஜனவரி 9, 1968) ஜப்பானிய நெடுந்தொலைவு ஓட்ட வீரர் ஆவார். 1964 ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் மாரத்தான் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போட்டியில் ஜப்பான் தடகளத்தில் பெற்ற ஒரே பதக்கம் இதுவாகும். விளையாட்டு வீரர்கள் மீது சுமத்தப்படும் எதிர்பார்ப்புகளின் விளைவுக்கு இவரது வாழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இளமை

புக்குசிமா மாவட்டத்தின் சுக்ககவா நகரில் ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். ஓடும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இவரது தந்தை கண்டிப்புடன் கற்பித்ததாகக் கூறப்படுகிறது. பள்ளிப் படிப்பை முடித்தபின் 1959 இல் தரைப்படைத் தற்காப்புப் படையில் சேர்ந்தார்.

டோக்கியோ ஒலிம்பிக்

10,000 மீட்டர் ஓட்டத்தில் ஆறாம் இடம் பெற்ற சுபுராயா, அக்டோபர் 21 அன்று மாரத்தானில் ஓடினார். எத்தியோப்பியாவின் அபெபே பிக்கிலா முதலாவதாக வந்தார். அவரை அடுத்து சுபுராயா அரங்கினுள் நுழைந்தார். ஆனால் பின்தொடர்ந்து வந்த பிரித்தானிய வீரர் பேசில் ஹீட்லி, அரங்கினுள் இவரை முந்திச் சென்றார். சுபுராயா திரும்பிப் பார்க்கவில்லை. இருவருக்கும் இடைவெளி நான்கு வினாடிகளுக்கும் குறைவு. 1936 க்குப் பின் ஜப்பானுக்குக் கிடைத்த முதல் தடகளப் பதக்கம் இது என்றாலும், நாட்டு மக்கள் கண்முன் வெள்ளியை இழந்ததைத் தம் பெருங்குறையாக இவர் கருதினார். 1968 மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில் அதனை ஈடுசெய்ய உறுதிபூண்டார்.

இறுதி ஆண்டுகள்

சுபுராயா திருமணம் செய்துகொள்ள விரும்பினார். பயிற்சி கெடும் என்று கருதிய படை மேலதிகாரி மெக்சிக்கோ போட்டி முடியும்வரை அதற்கு இசைவு தரவில்லை. திருமணம் கைவிடப்பட்டது, அப்பெண் பின்னர் வேறொருவரை மணந்தார். இதனிடையே முதுகுத்தண்டு வட்டு நோயால் துன்புற்று, 1967 இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் பழைய வேகத்தில் ஓட இயலவில்லை.

புத்தாண்டு விடுமுறையைக் குடும்பத்தாருடன் கழித்துவிட்டுத் திரும்பிய சுபுராயா, 1968 ஜனவரி 9 அன்று படைப் பயிற்சிப் பள்ளியின் விடுதி அறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது இவருக்கு அகவை 27. விட்டுச் சென்ற கடிதத்தில், புத்தாண்டில் உணவளித்த உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி கூறியிருந்தார். தாம் முற்றிலும் களைத்துப் போனதாகவும், பெற்றோர் அருகில் வாழவே விரும்பியதாகவும் எழுதியிருந்தார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் யசுனாரி கவபத்தா இக்கடிதத்தின் எளிமையைப் பாராட்டி எழுதியுள்ளார்.

நினைவு

டோக்கியோவில் இவருடன் மாரத்தான் ஓடி எட்டாம் இடம் பெற்றவர் நண்பர் கென்ஜி கிமிகாரா. இவர் 1968 அக்டோபரில் மெக்சிக்கோ நகரில் நடந்த மாரத்தானில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இறுதிக்கட்டத்தில் தாம் திரும்பிப் பார்த்ததையும், பின்னால் நெருங்கி வந்த வீரரைக் கண்டு வேகம் கூட்டியதையும் அவர் பிற்காலத்தில் சுபுராயாவின் நினைவோடு இணைத்துக் கூறியுள்ளார். 2021 இல் ஒலிம்பிக் தீப ஓட்டத்தில் சுக்ககவாவில் தீபமேந்தி ஓடியவரும் கிமிகாராவே.

சுக்ககவாவில் சுபுராயாவுக்கு நினைவுக்கூடம் உள்ளது. இவர் பெயரிலான மாரத்தான் போட்டி 1983 இல் அந்நகரில் தொடங்கப்பட்டது.