உங்க கன்சோல் திரையில் ஒரு தாடிக்காரர்

பிஎஸ்5-லயோ எக்ஸ்பாக்ஸ்லயோ நெட்வொர்க் டெஸ்ட் ஓட்டிப் பார்த்திருப்பீங்க. ஐபி அட்ரஸ் கிடைச்சுது, டிஎன்எஸ் ஓகே, பிங் இத்தனை, கடைசியா நாட் டைப்: ஸ்ட்ரிக்ட். உடனே யூடியூப்ல போய் பாதி புரிஞ்சும் புரியாமலும் போர்ட் நம்பரை மாத்த ஆரம்பிப்போம். அந்தத் திரையில் வரும் வார்த்தைகளில் பாதிக்கு மேல் ஒரே மனுஷனோட மேசையைத் தொட்டு வந்தவை. அவர் பேர் ஜான் போஸ்டல். நம்ம சிலபஸ்ல டிசிபி, யுடிபி எல்லாம் இருக்கு, அவர் பேர் மட்டும் இல்லை. அந்தக் கோபத்துலதான் இதை எழுதுறேன்.

1943 ஆகஸ்ட் 6, கலிஃபோர்னியாவில் பிறந்தார். அவர் படிச்ச வான் நைஸ் ஹைஸ்கூலில்தான் வின்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் ரெண்டு பேரும் படிச்சாங்க. அப்புறம் மூணு பேரும் யுசிஎல்ஏ-ல, பேராசிரியர் க்ளெய்ன்ராக்கின் லேபில் ஒண்ணா வேலை பார்த்தாங்க. 1969 அக்டோபர் 29-ல் ஆர்பாநெட்டின் முதல் மெசேஜ் அந்த லேபிலிருந்துதான் போச்சு. நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான் எல்லாரும்.

அதே வருஷம் க்ராக்கர் ஆர்எஃப்சி என்ற குறிப்புகளை ஆரம்பிச்சார். நெட்வொர்க் எப்படி வேலை செய்யணும்னு யார் வேணா எழுதி, எல்லாருக்கும் கருத்துக்கு அனுப்பலாம். அதைச் சரிபார்த்து, நம்பர் போட்டு, ஒழுங்கா வெளியிட ஒரு ஆள் வேணுமே? போஸ்டல் அந்த வேலையை எடுத்தார். சாகிற வரைக்கும் விடலை. கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

இன்னொரு வேலையும் சேர்ந்துச்சு. ஒரு கம்ப்யூட்டருக்குள் பல புரோகிராம் ஓடும்போது, வர்ற டேட்டா எந்தப் புரோகிராமுக்குன்னு சொல்ல ஒரு நம்பர் வேணும். இன்னிக்கு நாம போர்ட் நம்பர்னு சொல்றதோட ஆரம்பம் அது. ஆளாளுக்கு இஷ்டப்பட்ட நம்பர் எடுத்தா குழப்பம்தான். 1972 மே மாசம், 28 வயசுல, இந்த நம்பர்களைப் பங்கிட ஒரே ஒரு ஆள் வேணும், அது நானாகவே இருக்கட்டும்னு ஒரு ஆர்எஃப்சி-யில் எழுதினார். யாரும் எதிர்க்கலை. அப்படித்தான் ஒரு நோட்டுப் புத்தக வேலை, பின்னாடி அயானா என்ற உலக அமைப்பாச்சு. ரொம்ப காலம் அயானான்னா போஸ்டலும் கூட வேலை பார்த்த ஜாய்ஸ் ரெனால்ட்ஸும்தான்.

இப்ப நீங்க லேக்னு திட்டுற விஷயத்துக்கு வருவோம். 1980 ஆகஸ்டில் போஸ்டல் ஆர்எஃப்சி 768 எழுதினார். மொத்தம் மூணு பக்கம். அதுதான் யுடிபி. டிசிபி என்பது ரிஜிஸ்டர் தபால் மாதிரி: போய்ச் சேர்ந்ததான்னு கையெழுத்து வரணும், வரலைன்னா திரும்ப அனுப்பும். யுடிபி பேப்பர் போடுற பையன் மாதிரி. சைக்கிளை நிறுத்தாம வீசிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். மாடியில விழுந்ததா, சாக்கடையில விழுந்ததான்னு பார்க்க மாட்டான். இது மட்டமா தெரியும். ஆனா மேட்ச்ல எதிரி அரை செகண்ட் முன்னாடி எங்க நின்னான் என்ற தகவல் தொலைஞ்சா, அதைத் திரும்ப அனுப்பி என்ன பண்ண? அதுக்குள்ள அவன் உங்க பின்னாடி வந்திருப்பான். அதனாலதான் வேகமான ஆன்லைன் கேம்கள் பெரும்பாலும் யுடிபி-யை நம்புது. அந்தத் தொலைஞ்ச பேப்பர்தான் உங்க திரையில் வரும் பேக்கெட் லாஸ்.

1981 செப்டம்பரில் ஐபி, ஐசிஎம்பி, டிசிபி மூணுக்குமான ஆவணங்கள் அவர் கையால் வெளிவந்தன. ஐசிஎம்பி-யில் எதிரொலி மாதிரி ஒரு வசதி இருக்கு: ஒரு பேக்கெட் அனுப்பினா அந்தப் பக்கம் அப்படியே திருப்பி அனுப்பும். அதை வெச்சு 1983-ல் மைக் மூஸ் என்பவர் எழுதின புரோகிராம்தான் பிங். பிங் என்பது போய்த் திரும்பும் நேரம், அவ்வளவுதான். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் இது தானா குறையாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 32 மில்லிசெகண்ட் ஆயிடும், அதுக்குக் கீழ எந்த ரவுட்டரும் இறக்க முடியாது.

டிஎன்எஸ் கதையும் இவர்கிட்ட இருந்துதான். முன்னாடி எல்லாக் கம்ப்யூட்டர் பேரும் ஒரே ஃபைலில் இருந்துச்சு, எல்லாரும் அதை டவுன்லோட் பண்ணணும். 1983-ல் ஐஎஸ்ஐ ஆராய்ச்சி நிலையத்தில் தன்னோட இருந்த பால் மொக்கபெட்ரிஸ்கிட்ட போஸ்டல் ஏற்கெனவே இருந்த யோசனைகளைக் கொடுத்து, ஒரு சமரசம் கண்டுபிடிக்கச் சொன்னார். அவர் சமரசம் பண்ணாம புதுசா டிஎன்எஸ்-ஐ உருவாக்கிட்டார். (டிஎன்எஸ் மாத்தினா மேட்ச்ல பிங் குறையும்னு சொல்ற வீடியோக்களை நம்பாதீங்க. பேரைக் கேட்டு அட்ரஸ் வாங்கினதும் அதோட வேலை முடிஞ்சுது.)

சரி, ஸ்ட்ரிக்ட் நாட்? 1981-ன் ஐபி அட்ரஸ் 32 பிட். சுமார் 430 கோடி முகவரி. அன்னிக்கு அது கடல் மாதிரி. தொண்ணூறுகளில் தீர்ந்துடும்னு தெரிஞ்சதும், 192.168-ல் ஆரம்பிக்கும் முகவரிகளை யார் வேணா வீட்டுக்குள் பயன்படுத்திக்கலாம்னு அயானா ஒதுக்கிக் கொடுத்தது. வெளியே ஒரே முகவரி, உள்ளே பல. இது ஒரு அப்பார்ட்மென்ட். ரவுட்டர்தான் வாட்ச்மேன். நீங்க வரச் சொன்ன ஆளை உள்ளே விடுவார், புதுசா வர்றவரைத் திருப்பி அனுப்புவார். ஸ்ட்ரிக்ட்னா, நீங்க போன் பண்ணின அதே ஆள் தவிர அவர் தம்பியைக்கூட விடாத வாட்ச்மேன். போர்ட் ஃபார்வர்டிங்னா, 3074-னு கேட்டு வர்றவங்களை எங்க ஃப்ளாட்டுக்கு அனுப்புங்கன்னு முன்னாடியே சொல்லி வைக்கிறது. யுபிஎன்பி ஆன்ல இருந்தா கன்சோலே போய்ச் சொல்லிடும். தெருமுனையில் நெட் கம்பெனிக்காரங்க இன்னொரு கேட் போட்டிருந்தா அது சிஜிநாட். அந்த வாட்ச்மேன் உங்க பேச்சைக் கேட்க மாட்டார். எந்த மெஷினும் எந்த மெஷினோடும் நேரா பேசலாம் என்பதுதான் அந்தப் பழைய ஆவணங்களின் கனவு. நாட் அதை உடைச்சுது. வேற வழி இல்லாம உடைச்சதுன்னு வேணா சொல்லலாம்.

இவ்வளவு அதிகாரம் வெச்சிருந்த ஆள் பார்க்க எப்படி இருப்பார்? நீளத் தாடி, காலில் செருப்பு. மலையேறப் பிடிக்கும். பெரிய சொத்து சேர்க்கலை. இன்டர்நெட் பணமாக மாறின காலத்தில்தான் அவருக்குச் சிக்கல் வந்துச்சு. டாட் காம் பேர்களை விற்கும் உரிமை அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற தனியார் கம்பெனியிடம் இருந்தது. டிஎன்எஸ்-இன் தலைமை ஃபைலும் அவங்க சர்வரில்தான்.

1998 ஜனவரி 28. போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். ரூட் சர்வர் நடத்தின எட்டு பேரிடம், இனிமே அந்த ஃபைலை அந்தக் கம்பெனியிடம் எடுக்காம என் சர்வரில் எடுங்கன்னு கேட்டார். எட்டு பேரும் மறுபேச்சில்லாமல் மாத்திட்டாங்க. உலகத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியலை, ஏன்னா ஃபைல் அதேதான். ஆனா வெள்ளை மாளிகைக்குத் தெரிஞ்சுது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர் கோபமா பேசி, பழையபடி மாத்தச் சொன்னார். இது ஒரு சோதனைதான்னு போஸ்டல் விளக்கம் சொல்லி மாத்திட்டார். சோதனையா, எச்சரிக்கையா? எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது. எந்தப் பதவிப் பட்டயமும் இல்லாத ஒருத்தர் மெயில் போட்டா இன்டர்நெட் நகரும்னு அன்னிக்குக் காட்டிட்டார். அதே சமயம், அரசாங்கம் போன் பண்ணினா அவரும் நிறுத்தித்தான் ஆகணும்னும் தெரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் அவர் அந்த வருஷம் முழுக்க அலைஞ்சது, தன் வேலையைத் தனக்குப் பிறகு பார்க்க ஒரு அமைப்பை உருவாக்கத்தான். செப்டம்பர் கடைசியில் ஐகேன் பதிவாச்சு. அக்டோபர் 16, லாஸ் ஏஞ்சலஸில், இதய ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கலில் போஸ்டல் இறந்தார். வயசு 55. பள்ளித் தோழன் வின்ட் செர்ஃப் எழுதின இரங்கல் ஆர்எஃப்சி 2468-ஆக வெளியாச்சு.

ஆறு வாரம் கழிச்சு, நவம்பர் 27, ஜப்பானில் மோடம் உள்ளேயே வெச்ச சேகா ட்ரீம்காஸ்ட் விற்பனைக்கு வந்தது. 2002-ல் எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்துச்சு. அயானாவின் போர்ட் பட்டியலை இப்பவும் யார் வேணா திறந்து பார்க்கலாம். 3074-க்கு நேரே எக்ஸ்பாக்ஸ்னு இருக்கும்.