மாவோரி மண்ணின் மாவீரர் ஜார்ஜ் நேப்பியா

தமிழ்மொழிக் கழக இதழில் ரக்பி ஆட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். வியக்கட்டும். பேராக்கில் நான் படித்த இடைநிலைப்பள்ளியில் ரக்பிதான் உயிர்மூச்சு. நம் இன மாணவர்கள் பெரும்பாலும் காற்பந்துக்கும் ஹாக்கிக்கும் போய்விடுவார்கள். ரக்பிக் குழுவில் தமிழன் நான் ஒருவன்தான். பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகும் ஆட்டத்தை விடவில்லை. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு வேலை போயிற்று. மாலையில் நான்கு வீடுகளுக்குச் சென்று பிரத்தியேக வகுப்பு நடத்தத் தொடங்கினேன். பயிற்சியும் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தன. குழுவிலிருந்து விலகினேன். காசுக்காக ஜெர்சியைக் கழற்றியவன் என்று ஒரு நண்பன் எல்லார் முன்னிலையிலும் பேசியது நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தத் தவணை விடுமுறையில்தான் ஜார்ஜ் நேப்பியாவின் வாழ்க்கையைப் படித்தேன். நியூசிலாந்தின் தலைசிறந்த ரக்பி வீரர்கள் வரிசையில் இன்றும் இடம்பெறும் பெயர் அது.

நியூசிலாந்தின் வடதீவில், ஹாக்ஸ் பே மாநிலத்தில் நூஹாக்கா என்ற சிற்றூரில் பிறந்த மாவோரி இனத்தவர் நேப்பியா. பிறந்த ஆண்டு 1905 என்பது பொதுவான கணக்கு. அதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அருகிலிருந்த மாவோரி வேளாண்மைக் கல்லூரியில் படித்தார். அங்கேதான் அவர் ஆட்டம் உருப்பெற்றது.

அந்நாட்டில் ரக்பி எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். குளிர்காலம் தொடங்கினால் ஆட்டப் பருவமும் தொடங்கிவிடும். ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு குழு. வார நாள்களில் ஆடு மேய்த்தவரும் மரம் வெட்டியவரும் சனிக்கிழமை திடலில் இறங்குவார்கள். அவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கி எடுத்து மாநிலக் குழு அமைப்பார்கள். மாநிலங்களுக்கிடையே ரான்ஃபர்லி கேடயம் என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவரை அவர் திடலுக்கே சென்று தோற்கடித்தால் கேடயம் வென்றவருக்கு. 1922இல் ஹாக்ஸ் பே அதை வென்று 1927 வரை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குழுவில்தான் இளைஞர் நேப்பியா வளர்ந்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. பணம் வாங்காமல் ஆடுவதே ஒழுக்கம் என்பது ரக்பி சங்கத்தின் விதி.

1924இல் நியூசிலாந்தின் தேசியக் குழுவான ஆல் பிளாக்ஸ் பிரிட்டனுக்குக் கப்பலேறியது. ஃபுல்பேக் எனப்படும் கடைசித் தடுப்பாளர் நேப்பியாதான். வயது 19. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், கனடா என்று 32 ஆட்டங்கள், அத்தனையிலும் வெற்றி. அந்த 32 ஆட்டங்களிலும் களமிறங்கியவர் அவர் ஒருவரே! அடிபட்டால் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் அன்று இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஆட்டத்திற்கு முன் ஆடும் மாவோரி போர் நடனமான ஹக்காவுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

இத்தனை புகழோடு திரும்பியவருக்குக் கையில் என்ன மிஞ்சியது? பயணத்தின்போது கொடுத்த கைச்செலவுப் பணம் தவிர ஒன்றுமில்லை. வடதீவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ரங்கிதுகியா என்ற சிற்றூர்ப் பெண் ஹூய்ங்காவை மணந்து, அங்கேயே பண்ணைத் தொழிலில் இறங்கினார்.

1928இல் ஆல் பிளாக்ஸ் குழு தென்னாப்பிரிக்கா சென்றது. நிறவெறி நிறைந்த அந்நாட்டுக்கு மாவோரிகளை அழைத்துச் செல்லக் கூடாது என்று முடிவாயிற்று. உலகமே மெச்சிய ஃபுல்பேக் வீட்டில் இருக்க, குழு புறப்பட்டது. இதற்காக நியூசிலாந்து ரக்பி சங்கம் மன்னிப்புக் கேட்டது 2010இல். அப்போது அவர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். பண்ணை வருமானம் விழுந்தது, கடன் ஏறியது. குடும்பமோ பெருகியிருந்தது. 1935இல் ஆல் பிளாக்ஸ் மீண்டும் பிரிட்டன் சென்றபோது அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதே ஆண்டு லண்டனின் ஸ்ட்ரெத்தம் அண்ட் மிட்சம் என்ற ரக்பி லீக் கழகம் 500 பவுன் தருவதாக அழைத்தது. லீக் என்பது 13 பேர் ஆடும் ரக்பி. வேலைக்குப் போகாமல் ஆட வந்த தொழிலாளிகளுக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் 1895இல் இங்கிலாந்தின் வட பகுதியில் தனியாகப் பிரிந்த ஆட்டம். அதில் பணம் வாங்கி ஆடியவருக்குப் பழைய ரக்பியில் இடமில்லை.

நேப்பியா பணத்தை வாங்கினார். நான் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தது இந்த இடத்தில்தான்.

லண்டனில் ஆடினார், பிறகு ஹாலிஃபாக்ஸ் கழகத்திற்கு ஆடினார், நல்ல குரல்வளம் இருந்ததால் இசைத்தட்டுக்கும் பாடினார். 1937இல் ஊர் திரும்பி நியூசிலாந்தின் லீக் குழுவுக்கும் ஆடினார். ஆனால் ஊர்த் திடலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பழைய ஆட்டத்தில் மட்டும் அவர் பந்தைத் தொட முடியாது. ஊருக்கு அடையாளமே ரக்பி என்றிருக்கும் இடத்தில் இது எவ்வளவு பெரிய தண்டனை! கோயில் திருவிழாவில் தேர் இழுக்காதே என்று ஊரார் ஒருவனைத் தள்ளி வைத்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

போருக்குப் பிறகு லீக்கிற்குப் போனவர்களுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. 1947. நேப்பியாவுக்கு வயது 42. நாமாக இருந்தால் பார்வையாளர் வரிசையில் ஒரு நாற்காலி கேட்டிருப்போம். அவரோ காலணியைக் கட்டிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் மாநிலக் குழுவுக்கு ஆட வந்தார். நாட்டின் மிகச் சிறிய ரக்பி சங்கங்களில் ஒன்று அது. புகழுக்காக அங்கே யாரும் ஆடுவதில்லை. அடுத்த ஊர்க்காரனிடம் தோற்கக் கூடாது என்பதற்காக ஆடுவார்கள்.

1950இல் நடந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒலிம்பியன்ஸ் என்ற கழகம் பாவர்ட்டி பே மாநிலக் குழுவோடு மோதியது. ஒலிம்பியன்ஸ் அணித்தலைவர் 45 வயது ஜார்ஜ் நேப்பியா. எதிரணித் தலைவர் அவருடைய மகன். அவர் பெயரும் ஜார்ஜ் நேப்பியாதான்! முதல்தர ஆட்டமொன்றில் தந்தையும் மகனும் எதிரெதிரே நின்றது நியூசிலாந்தில் அதுவே முதல் முறை.

மாணவ நண்பர்களே, இந்தக் கதைக்கு நம் மண்ணோடும் ஓர் உறவு உண்டு. அந்த மகன் பின்னர் இராணுவப் பணியில் மலாயாவுக்கு வந்தார். அவசரகாலத்தில் இங்கேயே உயிரிழந்தார். மக்கள் பலர் கம்பிவேலிப் புதுக்கிராமங்களுக்கு இடம்பெயர்க்கப்பட்ட காலம் அது. எங்கோ ஒரு மூலையில் நடந்த ஆட்டம் என்று படிக்கத் தொடங்கியவனுக்கு அந்த வரியைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை.

நேப்பியா ஆட்டத்தை நிறுத்திய பிறகு நடுவராகத் திடலில் ஓடினார். 1982இல் மாவோரி குழு வேல்ஸ் நாட்டுக்குச் சென்றபோது, முதியவராக அங்கே போயிருந்த அவரை ஸ்வான்சி திடலில் மக்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். 1986 ஆகஸ்டு 27ஆம் நாள் ருவாத்தோரியாவில் காலமானார். ரங்கிதுகியாவில் ஹூய்ங்காவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ரக்பி சங்கம் பணம் வாங்கி ஆடுவதை ஏற்றுக்கொண்டது 1995இல்தான். சிறிய மாநிலங்களுக்கென்று 2006இல் தொடங்கப்பட்ட ஹார்ட்லேண்ட் போட்டியில் ஈஸ்ட் கோஸ்ட் குழுவும் இடம்பெற்றது. அக்குழுவின் சொந்தத் திடல் அதே ருவாத்தோரியாவில் இருக்கிறது.

இறுதியாண்டில் அப்பாவுக்கு மீண்டும் வேலை கிடைத்தது. வகுப்புகளை இரண்டாகக் குறைத்துக்கொண்டு எங்கள் விடுதிக் குழுவில் சேர்ந்தேன். ஃபுல்பேக் இடம் வேண்டும் என்று கேட்டேன். பயிற்றுநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திடலின் ஓரத்தில் ஓடவிட்டார். என்னை ஏசிய அந்த நண்பன்தான் அன்று எனக்குப் பந்தை எறிந்தான். நான் தவறவிட்டேன்.